அபெலு எழுதாமல் விட்ட பெயர்

குலுக்கலில் அபெலுவின் பெயர் விழுந்துவிட்டது என்ற செய்தியைக் கொண்டுவந்தவர் பெனியமினா வாத்தியார். அபெலுவின் மனைவி லோசா அப்போது துருவுபலகையில் உட்கார்ந்து தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள். வாத்தியார் மழையில் தொப்பலாக நனைந்து, கையில் ஒரு காகிதத்தோடு வந்து நின்றதைப் பார்த்ததும் அவளே முந்திக் கேட்டாள்.

"என்ன வாத்தியாரே? ஆக்லாந்துல நம்மாளு யாருக்கும் ஏதும் ஆயிட்டா?"

"ஆகல. நீங்கதான் ஆக்லாந்துக்குப் போகப்போறீங்க. ஒம் புருஷன் பேரு விழுந்திருக்கு!"

லோசா கையிலிருந்த மூடியை ஓடு தெரியும்வரை துருவி முடித்தாள். என்ன தலைபோகிற காரியமானாலும் பாதி துருவிய தேங்காயைப் போட்டுவிட்டு எழுந்திருக்கிறவள் இல்லை அவள். முடித்து, கையைத் துடைத்துக்கொண்டு, பிறகுதான் அழுதாள்.

பெருங்கடல் நடுவே சவாயித் தீவில் இருந்த அந்த ஊரில், நியூசிலாந்தில் குடியேறுவதற்கான குலுக்கலுக்குப் பெயர் போடாதவர்கள் போதகரும் கைக்குழந்தைகளும்தான். வாத்தியார் ஊருக்கே விண்ணப்பம் எழுதிக் கொடுப்பார், தனக்கு எழுதிக்கொள்ள மாட்டார். "எல்லாரும் போயிட்டா பள்ளிக்கூட மணிய யாரு அடிக்கிறது?" என்பார். வயது தாண்டிவிட்டது என்பதைச் சொல்ல மாட்டார்.

ஆப்பிள் பறிக்க ஏழு மாதம் போய்வருவது வேறு சங்கதி. அபெலு அதற்கு மூன்று தடவை போயிருக்கிறான். பருவம் முடிந்ததும் எண்ணிப் பார்த்து விமானத்தில் ஏற்றித் திருப்பி அனுப்பிவிடுவார்கள். குலுக்கலில் விழுந்தவனுக்குக் கிடைப்பது குடியிருப்பு அனுமதி. மனைவி மக்களோடு போகலாம், இருக்கலாம், கிளம்பு என்று ஒருவரும் சொல்ல முடியாது. இறைச்சி ஆலையில் வேலைக்குக் கடிதம் வாங்கித்தர ஒன்றுவிட்ட அண்ணன் ஒருவன் அங்கே இருந்தான். எட்டு வருஷம் பெயர் போட்டு எட்டாவது வருஷம் விழுந்திருந்தது. அன்று சாயங்காலப் பிரார்த்தனையில் அபெலு பாடிய பாட்டு கடற்கரைவரை கேட்டது.

மறு வாரம் அபெலுவும் லோசாவும் காகிதங்களையெல்லாம் பாயில் சுற்றி எடுத்துக்கொண்டு, பஸ் பிடித்து, கப்பல் ஏறி, அடுத்த தீவின் பட்டணமான ஆப்பியாவிலிருக்கும் நியூசிலாந்து அலுவலகத்துக்குப் போனார்கள். மேஜைக்குப் பின்னால் காதில் சிவப்புப் பூ செருகிய ஒரு பெண் இருந்தாள். தீவுக்காரப் பெண்தான். ஒவ்வொரு காகிதமாகப் புரட்டியவள் பிறப்புப் பதிவு வந்த இடத்தில் நின்றாள்.

"இங்க மூணு பிள்ளை பதிஞ்சிருக்கு. விண்ணப்பத்துல சக்காரியா, தோமான்னு ரெண்டுதான் இருக்கு. நடுவுல லாங்கின்னு ஒரு பொண்ணு. பதினோரு வயசு. இருக்காளா?"

"இருக்கா," என்றாள் லோசா.

"இல்ல," என்றான் அபெலு. இரண்டும் ஒரே நேரத்தில் வந்தன.

"இருக்காளா, இல்லையா?"

"இருக்கா தங்கச்சி. ஆனா எங்க பிள்ளை இல்ல. எங்க அக்கா பிள்ளை."

"பெத்தது யாரு?"

"நாந்தான்," என்றாள் லோசா.

அந்தப் பெண் பேனாவைக் கீழே வைத்தாள். "அண்ணே, எனக்கு வெளங்குது. எங்க வீட்டுலயும் ஒரு தம்பி பெரியம்மா கூடதான் வளந்தான். ஆனா இந்தக் காகிதத்துக்கு வெளங்காது. ரெண்டுல ஒண்ணு செய்யணும். பிள்ளை உங்களுதுன்னா, ஏன் எழுதாம விட்டோம்னு கடிதம் குடுத்து அவளையும் சேருங்க. மேல உள்ளவங்க பாத்து முடிவு சொல்லுவாங்க. அக்கா பிள்ளைதான்னா, இவ எங்க பொறுப்பு இல்லன்னு ரெண்டு பேரும் எழுதிக் கையெழுத்துப் போடணும். போட்ட பொறகு, எங்க மகளக் கூப்பிட்டுக்கிடுதோம்னு நாளைக்கு வந்து நிக்க முடியாது. நல்லா யோசிங்க. மூணு வாரம் இருக்கு. வரும்போது அக்காவையும் கூட்டிட்டு வாங்க."

அபெலு ஏமாற்றுக்காரன் இல்லை. அந்தத் தீவில் அக்கா தங்கையோடு பிறந்த எவனும் அப்படித்தான் எழுதியிருப்பான். உடன்பிறந்தவள் முன்னால் சத்தம்போட்டுச் சிரிக்கக்கூட மாட்டார்கள். அவள் வாய் திறந்து கேட்டதை இல்லையென்று சொன்னவன் ஊரில் தலைநிமிர்ந்து நடக்க முடியாது. அவன் அக்கா மசினா பிள்ளையில்லாமல் புருஷனைப் பறிகொடுத்து, பிறந்த மண்ணுக்கே திரும்பி வந்தவள். அவள் பிள்ளை வேண்டும் என்று கேட்கக்கூட இல்லை. லாங்கி பிறந்த மூன்றாம் நாள் அபெலு தானாகவே பிள்ளையைத் துணியில் சுற்றி எடுத்துப்போய், ஈரப்பலா மரத்துக்கு அந்தப்பக்கம் இருந்த அக்கா வீட்டுப் பாயில் கிடத்திவிட்டு வந்தான். கொடுத்த பிள்ளையை விண்ணப்பத்தில் தன் பிள்ளை என்று எழுதுவது அக்கா முகத்தில் அடிப்பதற்குச் சமம். எட்டு வருஷமும் அவன் எழுதவில்லை.

லோசாவும் அன்றைக்குச் சம்மதித்துத்தான் கொடுத்தாள். அடுத்ததும் பிறக்கும், மைனி தனியாக இருக்கிறாள் என்று அவளே சொன்னதும் உண்டு. ஒரு வருஷம் பால் கொடுக்க மட்டும் ஈரப்பலாவைத் தாண்டிப் போய்வந்தாள். பிள்ளைக்குப் பேச்சு வந்தபோது மசினாவை அம்மா என்றது, லோசாவை அத்தை என்றது. முறை அதுதானே. முதல் தடவை கேட்டபோது லோசா எல்லோரோடும் சேர்ந்து சிரித்தாள். பிறகு கிணற்றடியில் போய் நெடுநேரம் முகம் கழுவினாள்.

திரும்பும் கப்பலில் அபெலு கம்பியைப் பிடித்தபடி நின்றான்.

"அக்காகிட்ட நான் கேக்க மாட்டேன்."

"நான் ஒண்ணும் சொல்லலியே."

"ஒம் மூஞ்சி சொல்லுது."

"அப்ப அந்தக் கையெழுத்தப் போடுவியா? இவ எங்க பொறுப்பு இல்லன்னு?"

"போடுவேன்."

"எனக்குக் கை வராது."

"வரலேன்னா போகாண்டாம். சேம்பு நட்டுத் திம்போம். நம்ம அப்பன் பாட்டன் செத்தா போனான்?"

"செத்துத்தான் போனாவ," என்றாள் லோசா. வேறு நாளாக இருந்திருந்தால் அவன் சிரித்திருப்பான்.

அவளுக்கு ஆசை இருந்தது. அதை மறைத்து என்ன ஆகப்போகிறது? பதினோரு வருஷமாக அடிவயிற்றில் கிடந்த ஆசை, 'அவளையும் சேருங்க' என்று அந்தப் பெண் சொன்னதும் எழுந்து உட்கார்ந்துவிட்டது. அக்கரையில் இறங்கும்போது லோசா அதை நினைத்து வெட்கப்பட்டாள். ஆனால் அது போகவில்லை.

அடுத்து வந்தது பிள்ளைகள் ஞாயிறு. வருஷத்தில் அந்த ஒரு நாள் பிள்ளைகளெல்லாம் வெள்ளை உடுத்திக் கோயிலில் வசனம் சொல்வார்கள். வீட்டுக்கு வந்ததும் பிள்ளைகள் முதலில் உட்கார, பெரியவர்கள் பரிமாறிவிட்டுப் பிறகுதான் சாப்பிடுவார்கள். லாங்கி அந்த வருஷம் நீளமான வசனத்தை ஒரு இடத்திலும் தடுமாறாமல் சொன்னாள். முன்வரிசையில் இருந்த மசினா, தான் அழவில்லை என்று காட்டுவதற்காக விசிறியை ஓயாமல் வீசிக்கொண்டிருந்தாள்.

இரண்டு வீட்டுக்கும் சேர்த்து ஒரே கல்லடுப்பு. சுட்ட கல்லின்மேல் வெந்த சேம்பு, தேங்காய்ப்பால் ஊற்றிக் கட்டிய சேப்பங்கீரைப் பொதிகள், பன்றி, கோழி. லோசா நல்ல கோழித் துண்டாகப் பொறுக்கி, பொதியைப் பிரித்துவைத்து, தட்டை லாங்கியின் முன்னால் நீட்டினாள். சிறுமி தட்டை வாங்கவில்லை.

"எங்கம்மா போடுவாங்க அத்தை."

"இன்னிக்கு யாரு போட்டா என்ன? ஆறிரும், தின்னு."

"எனக்குத் தெரியும். எம் பேர எழுதப்போறீங்களாம். வாத்தியார் மவ சொன்னா." லாங்கி தலை நிமிரவில்லை. "நான் வரமாட்டேன். எனக்கு அங்க யாரு இருக்கா?"

"சக்காரியா இருக்கான். தோமா இருக்கான்."

"அவனுக ஒங்க பிள்ளைக."

லோசாவுக்கு அந்தத் தட்டை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. கடைசியில் தோமா வாங்கிக்கொண்டான். அவன் எது வந்தாலும் தின்பவன். அன்றைக்குப் பெரியவர்கள் சாப்பிட உட்கார்ந்தபோது லோசா தலைவலி என்று சொல்லிவிட்டாள்.

செவ்வாய்க்கிழமை பெண்கள் சங்கக் கொட்டகையில் பாய் முடைகிற நாள். வெளுத்துக் காய்ந்த தாழை மடலை நூல்நூலாகக் கிழித்து முடைகிற சன்னப்பாய், ஒன்று முடிய ஒரு வருஷம் ஆகும். மற்றவர்கள் எழுந்துபோன பிறகும் லோசாவும் மசினாவும் உட்கார்ந்திருந்தார்கள். மசினா காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். சர்க்கரை நோயில் இடது கால் பெருவிரலை எடுத்து ஆறு மாதம்தான் ஆகியிருந்தது.

"ஏட்டி, காலையில இருந்து ஒரே எடத்த முடையுத, பிரிக்க, முடையுத, பிரிக்க. அந்தத் தாழை ஒனக்கு என்ன பாவம் செஞ்சுது?"

"ஒண்ணுமில்ல மைனி."

"ஒண்ணுமில்லன்னா வாயத் தொற. ஒம் புருஷன் ஒரு வாரமா எம் முத்தத்துப் பக்கம் வராம கடற்கரையச் சுத்திப் போறான். பன்னி கூட நேர்வழியா வருது."

லோசா சிரித்தாள், சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது. "ஒங்களுக்குத் தெரியுமா?"

"வாத்தியாரு வாயில எது நிக்கும்? எட்டு வருஷமா எந்தம்பி லாங்கி பேர எழுதவே இல்லயாம். கேட்டப்ப எனக்கு நெஞ்சு நெறஞ்சுபோச்சு. இப்படி ஒரு தம்பி எவளுக்குக் கெடப்பான்? பொறகு வீட்டுக்கு வந்து கொக்கோவக் காய்ச்சிக் குடிச்சிட்டு யோசிச்சேன். அட மடப்பயலே, எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டுருக்கக் கூடாதான்னு இருந்துது."

"அவரு எப்படிக் கேப்பாரு?"

"கேக்க மாட்டான். கேட்டாலும் நான் வெளக்குமாத்த எடுத்திருப்பேன். அது வேற."

வெயில் இறங்கிக்கொண்டிருந்தது. லோசா கையிலிருந்த மடலைக் கீழே வைத்தாள்.

"மைனி, நான் ஒரு பாவம் செஞ்சிட்டேன். அந்த ஆபீசுப் பொண்ணு அவளையும் சேருங்கன்னு சொன்னப்ப எனக்குச் சந்தோசம் வந்துட்டு. ஒங்க மொகம் நெனப்பு வரதுக்கு முன்னாலயே வந்துட்டு. குடுத்த பிள்ளை மேல ஆசப்படலாமா? ஒங்க கண்ணப் பாக்கவே எனக்குக் கூசுது."

மசினா முடைந்த இடத்தைக் கட்டைவிரலால் அழுத்தி அழுத்திச் சமப்படுத்தினாள்.

"பாலு குடுக்க வருவியே, அப்ப பிள்ளை குடிச்சு ஒறங்கின பொறகும் எந்திரிக்காம இருப்ப. நான் பாக்கலேன்னா நெனச்ச? அடுப்படியில வேலை ஒண்ணும் இல்லாம நான் பாத்திரத்த உருட்டிக்கிட்டு நின்னது என்னத்துக்கு?"

லோசா முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். மசினா அழவிட்டாள். மடல் நனைந்துவிடாமல் பாயை மட்டும் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

"அழுதாச்சா? இப்ப கேளு. நான் திருப்பிக் குடுக்கல. அத மொதல்ல வெளங்கிக்கோ. அவ எம் மவ. எம் மவள எந்தம்பி கூட அனுப்புதேன். அக்கா சொன்னா அவன் சொமக்கணும், அது அவன் கடமை. காகிதத்துல ஒம் பேர எழுதணும்னா எழுதிக்கோ. ஒரு அம்மாவுக்கு மேல அதுக்கு எண்ணத் தெரியாதுன்னா, நாம என்ன செய்ய?"

"நீங்க தனியா…"

"எனக்குத் தம்பி இருக்கான், எங்க இருந்தாலும் இருக்கான். இந்தக் காலு வெட்டினப்ப ஆசுபத்திரியில பதினாறு நாளு தரையில கெடந்தது யாரு? எந்தம்பி. அவளுக்கும் அப்படி ஒருத்தன் வேணும்ட்டி. கூடப் பொறந்த ரெண்டு பேரும் கடலுக்கு அந்தப்பக்கம் வளந்தா, அவ இந்தப்பக்கம் யாருக்கு அக்கா? தோமாவுக்கு இப்பவே அவ பேரச் சொன்னா பயம். அந்தப் பயம் போயிரக் கூடாது."

"அவ வரமாட்டேன்னு சொல்லுதா மைனி."

"சொல்லத்தான் செய்வா. நான் வளத்த பிள்ளை, போறேன்னு குதிச்சுக்கிட்டு ஓடிவருவாளா? அத நான் பாத்துக்கிடுதேன். நீ அந்த வரிசையப் பிரி, கோணலாப் போகுது."

மசினா மகளிடம் என்ன பேசினாள் என்பது ஊரில் யாருக்கும் தெரியாது, வாத்தியாருக்கே தெரியாது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். நாலு நாள் அந்த வீட்டில் பேச்சுச் சத்தமும் இல்லை, பாட்டுச் சத்தமும் இல்லை. ஐந்தாம் நாள் லாங்கி ஈரப்பலாவைத் தாண்டி வந்து, வலை சரிபார்த்துக்கொண்டிருந்த அபெலுவின் எதிரில் நின்றாள்.

"மாமா, நான் வளந்து பெருசானதும் எம் பேருல அம்மாவ அங்க கூப்பிட முடியுமான்னு அந்த ஆபீசுல கேட்டுச் சொல்லுவீங்களா?"

"கேக்கேன்."

"அப்ப நானும் வாரேன்," என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் ஓடிவிட்டாள். அபெலு வலைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டான்.

வாத்தியார் இரண்டு பக்கத்துக்குக் காரணக் கடிதம் எழுதினார். அதில் முதல் பக்கம் முழுக்கக் கர்த்தருடைய கிருபையைப் பற்றி இருந்தது. இரண்டாம் பக்கத்தில் விஷயம் இருந்தது. போதகர் கையெழுத்தும் ஊர்த்தலைவர் கையெழுத்தும் வாங்கி முன்கூட்டியே அனுப்பினார்கள்.

மூன்றாவது வாரம் நாலு பேரும் ஆப்பியாவுக்குப் போனார்கள். மசினா கோயிலுக்கு உடுத்துவதை உடுத்தியிருந்தாள். அபெலு அக்காவுக்கு மரியாதையாக ஒரு நாற்காலி தள்ளி உட்கார்ந்தான். லாங்கி மசினாவின் கைக்குள் தன் கையை நுழைத்துக்கொண்டு, சுவரில் தொங்கிய பனிமலைப் படத்தை முறைத்துக்கொண்டிருந்தாள்.

"கடிதத்த மேல உள்ளவங்க ஏத்துக்கிட்டாங்க," என்றாள் காதில் பூ வைத்த பெண். "பொண்ணு வளந்ததும் வளத்த அம்மாவக் கூப்பிடலாமான்னு எழுதியிருந்தீங்க. அன்னிக்கு என்ன சட்டம் இருக்குமோ, இப்ப எனக்குச் சொல்லத் தெரியல பாப்பா. ஆனா கேக்கிறதுக்கு ஒனக்கு உரிமை இருக்கும்." லாங்கி தலையாட்டினாள். அந்தப் பெண் லோசாவின் பக்கம் திரும்பினாள். "கடைசியா ஒரு கேள்வி. ஒங்க வாயால சொல்லணும், நான் எழுதிக்கணும். இவ ஒங்க மகளா?"

பதினோரு வருஷமாக லோசா அந்த இரண்டு வார்த்தையைக் கிணற்றடியில் சொல்லியிருக்கிறாள், தோட்டத்தில் சேம்புக்கு நடுவில் சொல்லியிருக்கிறாள். ஊர் கேட்க ஒரே ஒரு தடவை சொன்னால் போதும் என்று நினைத்திருக்கிறாள். இப்போது கேட்கிறார்கள், அவள் மேஜையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் மசினாவின் முழங்கை அவள் கைமேல் பட்டுக்கொண்டிருந்தது.

"சொல்லு," என்றாள் மசினா.

"மைனி…"

"சொல்லுட்டி. இந்த ஆபீசுப் பிள்ளைக்கு வேற வேலை கெடக்கு."

"எம் மவ," என்றாள் லோசா. குரல் எழும்பாமல் உதடுதான் அசைந்தது. அந்தப் பெண் மறுபடி கேட்காமல் எழுதிக்கொண்டாள்.

லோசா கையெழுத்துப் போட்டாள், அபெலு போட்டான். சம்மதம் என்று மசினாவும் ஒரு தாளில் போட்டாள். போட்டுவிட்டு, பேனாவைத் திருப்பிக் கொடுக்காமல் கேட்டாள்.

"தங்கச்சி, வளத்தவ பேர எழுத இதுல எடம் இருக்கா?"

"இல்லம்மா. அப்படி ஒரு கட்டம் இதுல இல்ல."

"சரி. அப்ப ஒரு வெத்துத் தாளு எடு. எனக்கு எழுத்து நேரா வராது. நான் சொல்லுதேன், நீ எழுது."

அந்தப் பெண் கதவைப் பார்த்தாள், வெளியே காத்திருந்தவர்களைப் பார்த்தாள். பிறகு ஒரு தாளை எடுத்தாள்.

"வாரத்துக்கு ஒருக்க பேன் பாக்கணும், காதுக்குப் பின்னால நல்லாப் பாக்கணும். எழுதினியா? சோத்த ஒதுக்கினா வஞ்சு ஊட்டக் கூடாது, அரைமணி கழிச்சு அவளே வருவா. இடி இடிச்சா பயமில்லன்னு சொல்லுவா. நம்பாண்டாம், பக்கத்துல போய்ப் படுக்கணும். குளிருல காலுக்குத் துணி மாட்டணும்." லாங்கி மசினாவின் தோளில் முகத்தை அழுத்தியிருந்தாள். "ஒறக்கத்துல அம்மான்னு கூப்பிடுவா. அது என்னைய. அப்ப, நான்தான் இருக்கேனேன்னு சொல்லிக்கிட்டு இருக்கக் கூடாது. எந்திரிச்சுப் போயி முதுகத் தடவிவிட்டாப் போதும். ஒறங்கிருவா."

பேனா நின்றது. அந்தப் பெண் புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "இது கோப்புல சேராதும்மா," என்றாள்.

"சேராண்டாம். இவ கையில இருக்கட்டும்."

லோசா தாளை வாங்கி முதலிலிருந்து கடைசிவரை படித்தாள். யாரும் கேட்கவில்லை, பேனாவை எடுத்து அடியில் கையெழுத்துப் போட்டாள். மசினா தாளை வாங்கி, மை காய்ந்துவிட்டதா என்று விரலால் தொட்டுப் பார்த்துவிட்டு, நாலாக மடித்து லோசாவின் கையில் வைத்தாள்.